மலைநாட்டு நூதனசாலை அறையில் ஒரு பழைய வீணை: தந்தி போடலாமா, மேளம் புதிதாகக் கட்டலாமா?

நூலக_அறை (நுவரெலியா) கேட்டது:

வணக்கம். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு நூலகத்தோடு சேர்ந்த சின்ன நூதனசாலை அறையை நாங்கள் சிலர் கவனித்துக்கொள்கிறோம். கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, பழைய பிரட்டுப் பதிவேடு இவற்றோடு இப்போது ஒரு சரஸ்வதி வீணையும் எங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதன் நிலைமையை எழுதுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

முழு நீளம் 128 சென்ரிமீற்றர். பலா மரம். குடமும் (நாதப் பெட்டி) தண்டியும் (கழுத்து) சேருமிடத்தில் வெள்ளைப் பட்டி ஒன்று ஓடுகிறது. அதன் கீழே மெல்லிய இடைவெளி, கடதாசி ஒன்றைச் செருகலாம் போல இருக்கிறது. தண்டியின் கீழுள்ள சுரைக்காய் கடதாசிக் கூழில் செய்தது, ஒரு பக்கம் வெடிப்பு. ஏழு தந்திகளில் ஐந்து மிச்சம், எல்லாம் துரு. பஞ்சமமும் பக்கத் தந்தி ஒன்றும் அறுந்து சுருண்டு கிடக்கின்றன. 24 மெட்டுகளில் (தந்தியை அழுத்தும் பித்தளைப் பட்டைகள்) 15 இடத்தில் இருக்கின்றன, 9 கழன்று ஒரு டப்பாவில் வந்தன. மெட்டுகளின் அடியில் பச்சையாக, பிசுபிசுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. மெட்டுகளைப் பிடித்திருக்கும் கறுப்பு மெழுகு பல இடங்களில் வெடித்து, அதன்மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. குடத்தின் முதுகில் சாம்பல் நிறப் பூஞ்சணம்.

அறையில் வைத்த ஈரமானி 84 முதல் 88 வரை காட்டுகிறது. காலையில் வெப்பநிலை 15 பாகை அளவில் நிற்கும்.

குழுவில் மூன்று விதமான கருத்து. புதுத் தந்தி போட்டு, மேளம் கட்டி (மெட்டுகளை மெழுகில் புதிதாகப் பதித்து) நவராத்திரிக்கு வாசிக்க வைக்கலாம் என்கிறார்கள் சிலர். தஞ்சாவூருக்கு அனுப்பித் திருத்தி எடுப்போம் என்கிறார்கள் வேறு சிலர். மூன்றாவது ஆலோசனை, இப்போதைக்குத் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்து வைப்பது. எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது?

---

மந்தரம்_கண்டி பதில்:

எண்ணெய் வேண்டாம் என்பதை முதலில் குழுவிடம் சொல்லிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் போய்க் காறும், தூசியைப் பிடிக்கும், பூஞ்சணத்துக்குச் சாப்பாடாகும். மெழுகில் பட்டால் மெழுகே இளகும்.

அடுத்தது தந்தி. சுருதிக்குக் கூட்டும் அளவுக்குத் தந்தி போடவே கூடாது. காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 0.30 மில்லிமீற்றர் உருக்குத் தந்தி, நீளம் 84 சென்ரிமீற்றர், சுருதி மூன்று கட்டை (E) என்று வைத்தால் முதல் தந்தியான சாரணி ஒன்றே 4 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஏழும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். அந்த இழுவை விழுவது இரண்டு இடத்தில்: குடமும் தண்டியும் சேரும் மூட்டு, குதிரைக்கு அடியில் உள்ள மேற்பலகை. பழைய வீணைகளில் மூட்டு பெரும்பாலும் வச்சிரப் பசையால் (விலங்குத் தோலில் காய்ச்சியது) ஒட்டியது. 85 வீத ஈரப்பதனில் வச்சிரம் இளகி நிற்கும். நீங்கள் சொல்லும் கடதாசி அளவு இடைவெளி அந்த இளகலின் அடையாளம்தான். அந்த நிலையில் தந்தியை முறுக்கினால் தண்டி மேல்நோக்கி எழும்பும், மூட்டு இன்னும் பிளக்கும்.

அதற்காக இருக்கிற ஐந்து தந்திகளையும் ஒரே மூச்சில் கழற்றிவிடவும் வேண்டாம். வீணையின் குதிரை பலகையோடு ஒட்டப்பட்டதில்லை. தந்தியின் அழுத்தத்தால்தான் அது நிற்கிறது. எல்லாத் தந்தியும் தளர்ந்தால் குதிரை சாயும், பக்கக் குதிரையும் கூடவே வரும், அது நின்ற இடம் தெரியாமல் போகும். தொடுவதற்கு முன் குதிரையின் நான்கு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஒரு தெளிந்த பொலியெஸ்டர் தாளைப் பலகைமேல் வைத்து, குதிரைக் கால்களின் கோட்டைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். மரத்தில் பென்சில் படக் கூடாது. பிறகு ஒவ்வொரு பிரடையையும் (தந்தியை முறுக்கும் முளை) அரைச் சுற்று வீதம், ஒன்று விட்டு ஒன்றாக, சில நாட்கள் இடைவெளியில் தளர்த்துங்கள். குதிரை அசையாமல் நிற்கும் அளவுக்குத் தந்தி இறுகி இருந்தால் போதும். விரலால் தட்டினால் நாதம் வராத அளவு.

கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். துருப்பிடித்த உருக்குத் தந்தி அறும்போது முனை முகத்துக்குத்தான் பாயும்.

பிரடை திரும்பாவிட்டால் குறடு வைக்காதீர்கள். ஈரத்தில் மரம் ஊதிப் பிரடை துளையில் இறுகிக்கொள்ளும். அறையின் ஈரப்பதன் இறங்கியதும் தானாகவே விடும். பலவந்தமாகத் திருப்பினால் பிரடைத் துளையிலிருந்து தண்டியின் ஓரத்துக்கு வெடிப்பு ஓடும். அதைத் திருத்துவது மெட்டைத் திருத்துவதைவிடப் பல மடங்கு கடினம்.

இனி மேளம். இந்த வீணையில் உங்களிடம் இருக்கும் மிக அரிய சாட்சி யாளி முகமோ செதுக்கு வேலையோ இல்லை. அந்த 15 மெட்டுகளும் 9 காலிப் பள்ளங்களும்தான். சித்தாரின் மெட்டை நகர்த்தலாம், கிற்றாரின் மெட்டு மரத்தில் வெட்டிப் பதித்தது. வீணையில் மட்டும் மேளம் கட்டுபவர் காதால் கேட்டு, மெழுகு இளகி இருக்கும்போதே ஒவ்வொரு மெட்டையும் இடம் பார்த்து வைக்கிறார். ஆகவே கடைசியாக மேளம் கட்டியவருடைய காதும், அதை வாசித்தவருடைய சுருதி வழக்கமும் அந்த மெழுகில் அளவாகப் பதிந்திருக்கின்றன. புதிதாக மேளம் கட்டுவதென்றால் பழைய மெழுகை முழுவதும் உருக்கி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அந்தப் பதிவைத் திரும்பப் பெற முடியாது.

மெட்டுகளை எப்படி அளப்பது என்று பிறகு விரிவாக எழுதுகிறேன். ஈரம், பூஞ்சணம் பற்றி அதில் வேலை செய்கிறவர் சொல்லட்டும்.

---

மரமும்_ஈரமும் (பேராதனை) பதில்:

மந்தரம்_கண்டி டீச்சர் சொன்னதோடு உடன்படுகிறேன். நீங்கள் எழுதியதில் இரண்டு வெள்ளை/சாம்பல் விஷயங்கள் இருக்கின்றன. அவை ஒன்றல்ல என்று நினைக்கிறேன்.

குடத்தின் முதுகில் இருப்பது பூஞ்சணமாகவே இருக்கலாம். மெழுகின்மேல் பூத்திருப்பது வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். தேன்மெழுகு குளிரில் நெடுநாள் கிடந்தால் அதனுள் உள்ள மென்மையான பகுதி வெளியே வந்து வெள்ளைப் பொடி போலப் படியும். 39 பாகை அளவில் அது உருகிவிடும். சோதனை எளிது: அரிசி மணி அளவு இடத்தில் சுத்தமான விரல் நுனியை வைத்து இரண்டு தடவை மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பூப்பு என்றால் மறைந்து கறுப்பு மெழுகு பளிச்சென்று தெரியும். பூஞ்சணம் என்றால் இழுபட்டுக் கறையாகும், மண் வாசம் வரும், பத்து மடங்கு பெருக்கும் லென்சில் நூல் நூலாகத் தெரியும். பூப்புக்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை, அப்படியே விடலாம். அதைப் பூஞ்சணம் என்று நினைத்து ஸ்பிரிட்டோ டேர்ப்பன்டைனோ வைத்துத் துடைத்தால் மேளத்தையே கரைத்துவிடுவீர்கள்.

மெழுகு வெடித்ததற்கும் இதே குளிர்தான் பெரிய காரணம். மேள மெழுகு என்பது தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் சேர்ந்தது. குங்கிலியம் கூடினால் மெட்டு உறுதியாக நிற்கும், ஆனால் குளிரில் நொறுங்கும். குறைந்தால் வெயிலில் மெட்டு சாயும். தஞ்சாவூர் வெக்கைக்கு அளவு பார்த்துச் செய்த கலவை 1,868 மீற்றர் உயரத்தில், உறைபனி விழும் ஜனவரி இரவுகளில் நொறுங்கத்தான் செய்யும். அதனால் அதிகாலையில் இந்த வீணையைத் தூக்கவே வேண்டாம். அறை 20 பாகைக்கு வந்த பிறகு எடுங்கள். ஒரு கை குடத்துக்கு அடியில், மறு கை தண்டிக்கு அடியில். யாளி முகத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அது தனியே செய்து பொருத்தியது.

இனி ஈரப்பதன். முதலில் உங்கள் ஈரமானியை நம்பலாமா என்று பாருங்கள். ஒரு போத்தல் மூடியில் உப்பு போட்டு, நனைந்து சேறாகும் அளவுக்கு மட்டும் சில துளி தண்ணீர் விடுங்கள், கரைந்து போகக் கூடாது. ஈரமானியையும் மூடியையும் காற்றுப் புகாத பைக்குள் 12 மணிநேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் ஈரமானி 4 கூட்டிக் காட்டுகிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

85 உண்மையென்றால் அது ஆபத்தான அளவு. 70க்கு மேல் நின்றால் பூஞ்சணம் வளரும். இலக்கு 55 முதல் 60. ஆனால் ஒரே வாரத்தில் அங்கே இறக்கினால் பலகை சுருங்கி வெடிக்கும். வாரத்துக்கு 5 புள்ளி போதும்.

நுவரெலியாவில் பலர் பணத்தை வீணாக்கும் இடம் ஈரம் அகற்றும் இயந்திரம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கொம்ப்ரசர் உள்ள வகை. 15 பாகைக்குக் கீழே அதன் சுருளில் பனி கட்டும், தண்ணீர் இறங்காது, மின்கட்டணம் மட்டும் ஏறும். குளிரூருக்கு உலர்த்திச் சக்கரம் உள்ள வகைதான் சரி. அதைவிட எளிய வழியும் உண்டு: அறையைக் கொஞ்சம் சூடாக்குங்கள். 15 பாகையில் 85 வீதம் உள்ள காற்றை, தண்ணீர் எதுவும் சேர்க்காமல் 20 பாகைக்குக் கொண்டுவந்தால் ஈரப்பதன் ஏறத்தாழ 62க்கு இறங்கும். எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேற்றர் ஒன்றை வீணையிலிருந்து தூரத்தில் வைத்து, ஈரப்பதனைப் பார்த்து ஏறி இறங்கும் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்தால் போதும். காஸ் ஹீற்றரும் மண்ணெண்ணெய் ஹீற்றரும் எரியும்போது நீராவியை விடும், அவை வேண்டவே வேண்டாம்.

குடத்தின் பூஞ்சணத்துக்கு: மழையில்லாத நாளில், காற்றோட்டமான விறாந்தை நிழலில், N95 முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் துலக்குங்கள். நுண்வடிகட்டி உள்ள வெற்றிடத் துப்புரவி இருந்தால் குழாய் வாயில் வலைத்துணி கட்டிப் பக்கத்தில் பிடியுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். எரிசாராயமும் வேண்டாம், மேற்பூச்சு அரக்குப் பொலிஷாக இருந்தால் கரைந்து வெள்ளையாகிவிடும். ஈரப்பதனை இறக்காமல் எத்தனை முறை துலக்கினாலும் ஒரு மாதத்தில் மீண்டும் வரும் என்பதையும் குழுவுக்குச் சொல்லுங்கள்.

மெட்டின் அடியில் உள்ள பச்சை பிசுபிசுப்பு, மெழுகில் உள்ள கொழுப்பமிலமும் பித்தளையில் உள்ள செம்பும் சேர்ந்து உண்டானது. மூங்கில் குச்சியைச் சீவி, முனையை உளி போலத் தட்டையாக்கி, உலர்ந்த நிலையிலேயே மேலோட்டமாக எடுக்கலாம். பித்தளை மினுக்கும் திரவங்கள் எதுவும் தொடக் கூடாது. அவற்றில் பலவற்றில் உள்ள அமோனியா, அடித்து வடித்த பித்தளையில் நுண் வெடிப்பை உண்டாக்கும். மெட்டு பளபளக்க வேண்டியதில்லை. தந்தி ஓடிய தேய்மானக் கோடு அதில் தெரிய வேண்டும்.

---

பலா_ஆசாரி (பதுளை) பதில்:

இரண்டு பேர் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் வாசிக்காமல் கிடக்கிற வீணை கெடும் என்பதும் பாதி உண்மைதான். வாசிக்கிறவர் கையில் இருக்கிற வீணையை யாராவது தினமும் பார்க்கிறார்கள், துடைக்கிறார்கள், பிரடை இறுகினால் உடனே தெரிகிறது. கண்ணாடிக்குள் வைத்தபின் வருடக் கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பார்வையை ஏற்பாடு செய்துவிட்டு வாசிப்பை நிறுத்துங்கள்.

மூட்டைப் பற்றி. வெள்ளைப் பட்டி ஓடுவதால் இது ஒட்டு வீணை (குடமும் தண்டியும் தனித்தனியே செய்து ஒட்டியது) என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையிலும் அலங்காரத்துக்குப் பட்டி வைப்பார்கள். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, குடத்தின் முதுகில் மர வரி தண்டிக்குள் தொடர்ந்து ஓடுகிறதா பாருங்கள். தொடர்ந்தால் ஒரே மரம். பட்டியோடு வரி நின்று வேறு வரி தொடங்கினால் ஒட்டு. ஏகாண்டமாக இருந்து பட்டியின் கீழே இடைவெளி தெரிந்தால் அது பட்டி மட்டும் கிளம்பியது, மரத்துக்கு ஆபத்தில்லை. ஒட்டாக இருந்தால் டீச்சர் சொன்னபடி மூட்டு திறக்கிறது. இரண்டுக்கும் நடவடிக்கை வேறு வேறு, அதனால் இதை முதலில் தீர்மானியுங்கள்.

மூட்டு திறந்திருந்தாலும் வெள்ளைப் பசையோ எப்பொக்சியோ ஊற்றிவிடாதீர்கள். வச்சிரத்தைச் சூடும் ஈரமும் கொடுத்து நாளைக்கு ஒருவர் பிரிக்கலாம். எப்பொக்சியைப் பிரிக்க மரத்தையே அறுக்க வேண்டி வரும். இப்போதைக்குத் தண்டிக்குக் கீழே தாங்கு கொடுத்தால் மூட்டில் பாரம் விழாது. தாங்கு இரண்டு இடத்தில்: குடத்துக்கு ஒன்று, சுரைக்காய்க்குப் பக்கத்தில் தண்டிக்கு ஒன்று. சுரைக்காயை வைத்து நிறுத்தக் கூடாது. கடதாசிக் கூழ் சுரைக்காய் காட்சிக்கு நிற்குமே தவிர, வெடித்த பிறகு பாரம் தாங்காது.

தாங்குக்கு ரெஜிபோமும் மெத்தைப் பஞ்சும் வேண்டாம். மெத்தைப் பஞ்சு சில வருடத்தில் மாவாகி மரத்தில் ஒட்டும். பொலிஎத்திலீன் நுரைப் பலகையைக் குடத்தின் வளைவுக்குச் செதுக்கி, கஞ்சி போகத் துவைத்த வெளுக்காத பருத்தித் துணியால் சுற்றுங்கள்.

பூச்சி: பலாவின் மஞ்சள் வைரத்தை (உறுதியான நடு மரத்தை) பூச்சி லேசில் தொடாது. வெளிறிய ஓர மரத்தில்தான் இறங்கும். ஒன்று இரண்டு மில்லிமீற்றர் ஓட்டையும் அதன் கீழே கோதுமை மா போலத் தூளும் இருக்கிறதா பாருங்கள். ஓட்டை பழையதாக இருக்கலாம். வீணைக்குக் கீழே கறுப்புக் கடதாசி விரித்து ஒரு மாதம் விடுங்கள். புதிதாகத் தூள் விழுந்தால்தான் பூச்சி உயிரோடிருக்கிறது.

உள்ளே பார்க்க, கைபேசியில் பொருத்தும் மெல்லிய குழாய்க் கமெரா ஒன்று போதும். பலகையில் உள்ள நாதத் துளை வழியாக விடுங்கள், துளை சின்னதாக இருந்தால் திணிக்க வேண்டாம். பழைய ஒட்டுத் துண்டு, செய்தவர் ஒட்டிய சீட்டு, பூச்சித் தூள் எல்லாம் உள்ளேதான் இருக்கும்.

---

நூலக_அறை (நுவரெலியா):

எல்லோருக்கும் மிக்க நன்றி. மெழுகில் விரல் சோதனை செய்தோம். வெள்ளை மறைந்து கறுப்பு தெரிந்தது, பூப்புத்தான். மர வரி பட்டியோடு நிற்கிறது, ஆகவே ஒட்டு வீணை. குதிரையின் கோட்டைத் தாளில் எடுத்துவிட்டோம்.

ஈரமானி உப்புச் சோதனையில் 77 காட்டியது. அப்படியானால் அறை 82 முதல் 86.

மூன்று கேள்விகள் மிச்சம். வெள்ளைப் பட்டி யானைத் தந்தமா, பிளாஸ்டிக்கா? தஞ்சாவூருக்கு அனுப்புவது பற்றி என்ன சொல்கிறீர்கள்? நவராத்திரியில் சந்தனம் குங்குமம் வைக்காமல் இருக்க எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அதற்கு என்ன வழி?

---

மரமும்_ஈரமும் (பேராதனை):

தந்தத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரித்தறிய ஊசியைச் சுட்டுக் குத்தும் பழைய வழி வேண்டாம், தழும்பு நிற்கும். பட்டியின் வெட்டுமுகம் எங்காவது தெரிந்தால் லென்சால் பாருங்கள். யானைத் தந்தத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலை போல ஓடும். மான் கொம்பிலும் எலும்பிலும் புள்ளி புள்ளியாகத் துளைகள் தெரியும். பிளாஸ்டிக்கில் ஒன்றும் இருக்காது, அல்லது ஒரே சீரான இணைகோடு இருக்கும். புறஊதா டோர்ச் அடித்தால் தந்தமும் எலும்பும் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும், பெரும்பாலான பிளாஸ்டிக் மங்கிக் கிடக்கும்.

பிளாஸ்டிக் என்றால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். பழைய செலுலோய்ட்டாக இருந்தால் அது சிதையும்போது அமில வாயு விடும், மூடிய பெட்டிக்குள் பக்கத்தில் உள்ள பித்தளையையும் தந்தியையும் அரிக்கும். கற்பூர வாசமும் மஞ்சள் நிறமும் அடையாளம். அப்படியென்றால் பெட்டியை முழுக் காற்றடைப்பாகச் செய்யாதீர்கள். பூச்சி உருண்டையும் போடாதீர்கள், நப்தலின் அந்த மாதிரிப் பிளாஸ்டிக்கை இளக்கும்.

தஞ்சாவூருக்கு அனுப்புவது: பட்டி தந்தம் என்றால் கதை முடிந்தது. ஆசிய யானை 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருக்கிறது. இரு நாட்டு அனுமதியும் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்தான். மரம் பலா, அது சைட்டிஸ் பட்டியலில் இல்லை. வயதையும் பாருங்கள். நம் நாட்டின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளைத் தொல்பொருளாகக் கொள்கிறது. கடதாசிக் கூழ் சுரைக்காயை வைத்து உங்கள் வீணைக்கு அவ்வளவு வயது சொல்ல முடியாது என்றாலும், எழுத்தில் ஏதாவது கிடைத்தால் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்டுவிட்டே நகர்த்துங்கள். சட்டத்தை விட்டாலும் எனக்கு அனுப்புவதில் விருப்பமில்லை. நுவரெலியா ஈரத்தில் பல வருடம் ஊறிய மரம் தஞ்சாவூர் வெயிலில் இறங்கினால் முதலில் வெடிப்பது மேற்பலகை.

சந்தனம் குங்குமத்துக்கு வழி இருக்கிறது. பூஜையை வீணைக்குச் செய்யுங்கள், பொட்டைத் தாங்குக்கு வையுங்கள். தாங்கின் முன்முகத்தில் பித்தளைத் தகடு ஒன்றைப் பதித்து, சந்தனம், குங்குமம், பூ எல்லாம் அதில். ஈரச் சந்தனம் மரத்தில் பட்டால் மேற்பூச்சு வெளுக்கும், குங்குமச் சாயம் அதன் வெடிப்புக்குள் இறங்கினால் எடுக்க முடியாது. கற்பூரமும் சாம்பிராணியும் இரண்டு மீற்றராவது தள்ளி, கதவைத் திறந்து வைத்து. பெரியவர்களிடம் காரணத்தைச் சொல்லி, தகட்டையும் அவர்கள் கையாலேயே வைக்கச் சொன்னால் மறுக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

காட்சிப் பெட்டி செய்வதென்றால் ஒரு கணக்கு. 150 × 50 × 50 சென்ரிமீற்றர் பெட்டியின் கொள்ளளவு 0.375 கன மீற்றர். நன்றாக அடைத்த பெட்டிக்குக் கன மீற்றருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் என்பது பழகிய அளவு, ஆகவே 7.5 கிலோ. கடையிலிருந்து வந்த காய்ந்த ஜெல்லை நேராக வைக்காதீர்கள், ஈரப்பதனை 30க்கும் கீழே இழுத்துவிடும். முதலில் 58 வீதம் உள்ள அறையில் தட்டுகளில் பரப்பி, எடை ஏறுவது நிற்கும் வரை விட்டு, பிறகு வையுங்கள். பெட்டிக்குப் புது ஒட்டுப்பலகையோ எம்.டி.எஃப் பலகையோ வேண்டாம், அமில வாயு விடும். அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் நல்லது. விளக்கு பெட்டிக்கு வெளியே, 150 லக்சுக்குள். உள்ளே வைத்தால் மூடிய பெட்டி சூடேறி 35 பாகையைத் தாண்டும், அங்கே மெழுகு இளகத் தொடங்கி மெட்டுகள் சாயும்.

---

பலா_ஆசாரி (பதுளை):

சில்லறை விஷயம் ஒன்று. ஈரம் பற்றி நுவரெலியாவுக்குச் சொன்னதைப் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் அப்படியே எடுக்க வேண்டாம். உங்களுக்கு யூன் முதல் ஓகஸ்ட் வரை ஈரம், எங்களுக்கு அப்போது கச்சான் காற்று காய்ச்சும், பிரடை வழுகும், பலகை வெடிக்கும். எங்களுக்கு ஈரம் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை. எந்த மாதத்தில் ஈரத்தைக் கவனிப்பது என்பதை ஊர் பார்த்துத் தீர்மானியுங்கள்.

---

மந்தரம்_கண்டி:

மெட்டு அளக்கும் முறையைச் சொல்வதாகச் சொன்னேன்.

தண்டியின் நீளத்துக்கு 5 சென்ரிமீற்றர் அகலக் கடதாசி நாடா ஒன்றை வெட்டுங்கள். மெழுகுக் கட்டின் வெளி ஓரத்தோடு, மெழுகைத் தொடாமல், நாடாவை மேசையிலிருந்து எழுப்பிய தாங்கின்மேல் நிறுத்துங்கள். மேருவின் (தந்தி தொடங்கும் மேல்முனைக் கட்டை) உள்முனையைப் பூச்சியமாக வைத்து, ஒவ்வொரு மெட்டின் உச்சிக்கும் நேரே மூலமட்டம் பிடித்துக் கூரான பென்சிலால் கோடு போடுங்கள். கழன்ற மெட்டுக்கு, மெழுகில் உள்ள பள்ளத்தின் நடுவுக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் 'பள்ளம்' என்று எழுதுங்கள். பிறகு நாடாவைக் கழற்றி மேசையில் வைத்து அரை மில்லிமீற்றர் துல்லியத்தில் அளக்கலாம். நாடாவையும் பொருளோடு பாதுகாத்து வையுங்கள்.

அளவு என்ன சொல்லும் என்பதற்கு ஒரு உதாரணம். மேருவிலிருந்து 12ஆம் மெட்டு 42 சென்ரிமீற்றரில் இருந்தால் முழுத் தந்தியை 84 என்று கொள்ளலாம். சாதாரண காந்தாரமான 3ஆம் மெட்டு, சுத்த விகிதத்தில் 14.0 சென்ரிமீற்றரில் வரும். ஸ்தாயியை 12 சம படிகளாகப் பிரித்த ஹார்மோனியச் சம சுருதியில் 13.4. அந்தர காந்தாரமான 4ஆம் மெட்டு 16.8, அல்லது 17.3. காகலி நிஷாதம், 11ஆம் மெட்டு, 39.2 அல்லது 39.5. பஞ்சமத்தில் வித்தியாசமே தெரியாது, 28.0க்கும் 27.9க்கும் இடையில்தான். ஆகவே மூன்றும் நான்கும் எங்கே நிற்கின்றன என்பதைப் பார்த்தாலே, மேளம் கட்டியவர் தம்புராவைக் கேட்டுக் கட்டினாரா, ஹார்மோனியத்தின் கட்டைகளை ஒட்டிக் கட்டினாரா என்று ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தந்தியை மெட்டில் அழுத்தும்போது சுருதி கொஞ்சம் ஏறும், அதை ஈடுசெய்ய மெட்டுகளை மேருப் பக்கம் சற்றுத் தள்ளி வைப்பார்கள். குளிரில் மெழுகு சுருங்கி மெட்டு சாய்ந்தும் இருக்கலாம். சாய்ந்த மெட்டென்றால் அடியையும் உச்சியையும் தனித்தனியே குறியுங்கள்.

கழன்ற 9 மெட்டுகளை எந்தப் பள்ளத்துக்கு எது என்று கண்டுபிடிக்க, அடிவிளிம்பில் ஒட்டியிருக்கும் மெழுகுத் துண்டின் உடைவும் பள்ளத்தின் உடைவும் பொருந்துகிறதா பாருங்கள். தேய்மானமும் உதவும். ஷட்ஜம், மத்தியமம், பஞ்சமம் விழும் மெட்டுகளில் சாரணி ஓடிய கோடு ஆழமாக இருக்கும், குறைவாகப் பயன்படும் மெட்டுகளில் மேலோட்டமாக இருக்கும். பொருந்தியதும் ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு எண் எழுதுங்கள். எண்ணை மெட்டில் கீறாதீர்கள்.

காட்சிக்கு 24ம் தெரிய வேண்டும் என்றால், கழன்றதை அதன் சொந்தப் பள்ளத்திலேயே, இரு முனையிலும் கடுகளவு புதிய தேன்மெழுகு வைத்து நிறுத்தலாம். கரித்தூள் கலக்காமல் மஞ்சளாகவே விடுங்கள். பிறகு பார்ப்பவருக்கு எது பழையது, எது நீங்கள் வைத்தது என்று தெரிய வேண்டும். கழற்றிய தந்தி, அறுந்த துண்டு எதையும் எறியாதீர்கள். நுண்மானியால் தடிப்பை அளந்து, முதல் இரண்டும் பக்கத் தந்திகளும் உருக்கா, தாழ்ந்த சுருதித் தந்திகளான மந்தரமும் அனுமந்தரமும் வெறும் பித்தளையா, சுற்றிய தந்தியா என்று எழுதுங்கள். சுற்றிய தந்தியாக இருந்தால் அது பிற்காலத்தில் மாற்றிப் போட்டதாக இருக்கலாம்.

அறிவித்தல் பலகையில் "தஞ்சாவூர் வீணை" என்று எழுதாதீர்கள். அந்தப் பெயருக்கு 2013 முதல் புவிசார் குறியீடு (பொருள் செய்த ஊரைச் சான்றுபடுத்தும் பதிவு) இருக்கிறது, உங்களிடம் செய்த இடத்துக்கு ஆதாரமில்லை. "சரஸ்வதி வீணை, தென்னிந்தியப் பாணி, பலா மரம், ஒட்டு வேலை, 24 மெட்டு" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினால் அவ்வளவும் நீங்கள் கண்ணால் பார்த்து உறுதிசெய்தவை. 24 மெட்டு அமைப்பு 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது மரபு என்று ஒரு வரி சேர்க்கலாம்.

வாசித்துக் கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு: பாடசாலைக்கு வாங்கும் சாதாரண வீணை ஒன்றை எடுத்து, உங்கள் நாடாவில் உள்ள அளவுகளைத் தந்தி நீளத்தின் விகிதமாக மாற்றி, அதன்படி மேளம் கட்டச் சொல்லுங்கள். மேளம் கட்டுபவரிடம் நாடாவின் பிரதியைக் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். மலைநாட்டுக்கென்று குங்கிலியத்தைக் குறைத்துக் கலக்கவும் சொல்லுங்கள். நவராத்திரியில் அந்த வீணையைப் பிள்ளைகள் வாசிக்கட்டும், பழையது பக்கத்தில் தாங்கில் இருக்கட்டும்.